விளையாட்டும் பந்தயமும் வக்தும்

கைப்பேசியில் ஆடும் ஆட்டங்கள் மார்க்கத்தில் கூடுமா, கூடாதா? இன்று பெற்றோர் ஆலிம்களிடம் கேட்கும் வினாக்களில் இது முன்வரிசையில் நிற்கிறது. பதில் சொல்லவும் ஆளுக்குக் குறைவில்லை. தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்தால், "அது ஷைத்தானின் பெட்டி, வீட்டுக்குள்ளேயே விடக்கூடாது" என்பார் ஒரு பெரியவர். "தெருவில் திரியாமல் பிள்ளை கண்முன்னால் இருக்கிறானே, போதாதா?" என்பார் இன்னொருவர். சிறுசேரி சிப்காட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் வாலிபரோ, "அதனால் மூளை கூர்மையாகும், பாவா" என்று சிரிப்பார். மூவரும் சொல்வது அபிப்பிராயம். அபிப்பிராயம் சொல்வது எவருக்கும் எளிது. ஹராம் என்றும் ஹலால் என்றும் சொல்வதற்கு அது போதாது. அதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோல் நம் ஃபிக்ஹு நூல்களில் இருக்கிறதா என்பதை இப்பாடத்தில் காண்போம்.

இருக்கிறது. வீடியோ கேம் என்ற பெயரில் இல்லை. ஷத்ரஞ்ச் என்ற பெயரில் இருக்கிறது.

ஷத்ரஞ்ச் என்பது நம் சதுரங்கமேதான். இந்தியாவில் பிறந்து, பாரசீகம் சென்று, அங்கிருந்து அரபு நாட்டுக்குப் போன ஆட்டம் அது. சதுரங்கம் என்ற சொல் அரபியர் நாவில் ஷத்ரஞ்ச் ஆயிற்று. ஆட்டம் முடிந்தது என்பதற்கு ஐரோப்பியர் சொல்லும் சொல், அரசன் வீழ்ந்தான் என்ற பொருளில் அவர்கள் வழங்கிய 'ஷாஹ் மாத்' என்பதிலிருந்து வந்தது. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டு பக்தாதில் இந்த ஆட்டத்தைப் பற்றித் தனி நூல்களே எழுதப்பட்டன. பாரசீகம் முஸ்லிம்கள் வசமான பிறகே அரபு மக்களிடையே இது பரவியது. ஆகவே சதுரங்கத்தைப் பெயர் சொல்லி நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக ஆதாரபூர்வமான ஹதீஸ் எதுவும் இல்லை என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் கூறுகின்றனர். புதிதாக வந்த ஓர் ஆட்டத்தின் முன் நம் இமாம்கள் நின்றார்கள். இன்று கைப்பேசியின் முன் நாம் நிற்பதும் அப்படித்தான்.

இந்தச் சதுரங்கம் அண்மையில் நம் வாசலுக்கே வந்து போனது. 44 ஆவது செஸ் ஒலிம்பியாட் போட்டி ரஷ்யாவில் நடப்பதாக இருந்தது. உக்ரைன் போரின் காரணமாக அது அங்கிருந்து மாற்றப்பட்டு, 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்டு 10 வரை மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நடைபெற்றது. தொடக்க விழா சென்னை நேரு உள்விளையாட்டரங்கில். ஆட்டங்களெல்லாம் கடற்கரையோரம். பொதுப்பிரிவில் மட்டும் 180 க்கும் அதிகமான அணிகள் வந்தன. வேட்டி கட்டிய குதிரை ஒன்றைச் சின்னமாக்கித் 'தம்பி' என்று பெயரிட்டார்கள். சென்னை நேப்பியர் பாலத்துக்குச் சதுரங்கக் கட்டம் போலக் கறுப்பு வெள்ளை வர்ணம் பூசினார்கள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே சற்றுத் தொலைவில், பழைய டச்சுக் கோட்டை நிற்கும் ஊருக்குச் சதுரங்கப்பட்டினம் என்றே பெயர் இருப்பதை அந்நாட்களில் பலரும் சொல்லி மகிழ்ந்தனர்.

பொதுப்பிரிவில் தங்கம் வென்றது எது? உஸ்பெகிஸ்தான். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் பிறந்த புகாராவைத் தன்னகத்தே கொண்ட முஸ்லிம் நாடு. அவ்வணியின் முதல் பலகையில் ஆடிய நோதிர்பெக் அப்துஸத்தாரோவ் இருபது வயதுகூட நிரம்பாத வாலிபர். கடைசிச் சுற்று நடந்த ஆகஸ்டு 9 நம் நாட்டில் ஆஷூரா நாள். நம் ஊர்களில் பலர் நோன்பு நோற்றிருந்த அன்று, அவர்கள் பூஞ்சேரியில் தங்கத்தை வென்றனர்.

போட்டியின் கால அட்டவணையை நம் தொழுகை அட்டவணையோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரு சுவையான பாடம் கிடைக்கும். சுற்றுகள் பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கின. இறுதிச் சுற்று மட்டும் காலையில். முதல் 40 நகர்த்தல்களுக்கு ஒவ்வொருவருக்கும் 90 நிமிடம், அதன்பின் 30 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடுதலாக 30 விநாடி. ஓர் ஆட்டம் நீண்டால் நாலு மணி நேரத்துக்கு மேல் போகும். அந்த நாட்களில் இந்தக் கரையில் ஷாஃபிஈ மத்ஹபின்படி அஸ்ரு நுழைவது ஏறத்தாழ மூன்றரை மணிக்கு. ஹனஃபி மத்ஹபின்படி நாலே முக்காலுக்கு. சூரியன் மறைவது ஆறு முப்பத்தைந்து வாக்கில். அதாவது ஆட்டம் தொடங்கிய பின் அஸ்ரு நுழைந்து, ஆட்டம் முடியுமுன் அஸ்ரு கழிந்துவிடவும் கூடும். போட்டிக்குள் வந்த இரு வெள்ளிக்கிழமைகளிலும் ஜும்ஆவுக்கு இடைஞ்சல் இல்லை. சோதனை அஸ்ருக்குத்தான்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. அந்த 14 நாட்கள் மட்டுமே தங்குவதென்ற எண்ணத்தோடு வந்த ஹனஃபி ஆட்டக்காரர் பிரயாணியே. 15 நாட்கள் தங்க நிய்யத் வைத்தால்தான் அவர் ஊர்வாசியாவார். ஆகவே அவருக்கு அஸ்ரு இரண்டு ரகஅத். அதே நாட்களுக்கு வந்த ஷாஃபிஈ ஆட்டக்காரருக்கோ, வந்த நாளும் போகும் நாளும் நீங்கலாக நாலு நாட்கள் தங்க நாடிவிட்டதால் பிரயாணச் சலுகை நீங்கிவிடுகிறது. அவர் நாலு ரகஅத் தொழ வேண்டும். ஒரே விடுதி, ஒரே போட்டி, ஒரே அஸ்ரு. ஒருவருக்கு இரண்டு, மற்றவருக்கு நாலு. மத்ஹபு பாடம் நடத்தும் உஸ்தாதுமார்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

இரண்டாயினும் நாலாயினும் ஐந்து, பத்து நிமிட வேலை. சதுரங்கத்தில் எதிராளி யோசிக்கும்போது எழுந்து நடக்கலாம். தன் முறை வந்துவிட்டால் தன் கடிகாரம் ஓடும், அவ்வளவே. அந்தச் சில நிமிடங்களை ரப்புக்காகக் கொடுக்க மனம் வருகிறதா என்பதுதான் கேள்வி.

இனி இமாம்களின் தீர்ப்புக்கு வருவோம். மாலிகி, ஹன்பலி மத்ஹபுகளில் சதுரங்கம் ஹராம். ஹனஃபி மத்ஹபில் ஹராமை ஒட்டிய மக்ரூஹ்; ஆயினும் இமாம் அபூ யூஸுஃப் (ரஹ்) அவர்கள் வழியாக அனுமதியைக் கூறும் ஓர் அறிவிப்பும் அம்மத்ஹபு நூல்களில் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் அது ஹராமன்று. வெறுக்கத்தக்கது, விடுவது நல்லது என்ற தரம். தாபிஈன்களில் பெரியவரான ஸஈத் இப்னு ஜுபைர் (ரஹ்) அவர்கள் பலகையைப் பாராமலே முதுகைத் திருப்பிக்கொண்டு ஆடுவார்கள் என்று ஷாஃபிஈ அறிஞர்கள் எழுதி வைத்துள்ளனர். அலீ (ரலி) அவர்கள் ஆடியோரைக் கண்டித்ததாக மறுபக்கத்தார் எடுத்துக்காட்டுவர். இந்தக் கருத்து வேறுபாடு இன்றும் ஓயவில்லை. ஈரானில் புரட்சிக்குப் பின் சில ஆண்டுகள் சதுரங்கம் தடுக்கப்பட்டிருந்து 1988 இல்தான் அத்தடை நீங்கியது.

எந்த மத்ஹபு சரி என்று இங்கே நாம் தீர்ப்பளிக்க வரவில்லை. அனுமதித்த இமாம்கள் எந்த நிபந்தனைகளோடு அனுமதித்தார்கள் என்பதே நமக்கு வேண்டியது. பணயம் இருக்கக்கூடாது. தொழுகை வக்தை விட்டுப் போகக்கூடாது. நாவில் ஆபாசமும் பொய்ச் சத்தியமும் வரக்கூடாது. இவற்றில் ஒன்று வந்துவிட்டால், அனுமதித்தவர்களிடத்திலும் அது ஹராமாகிவிடும். இதில் நான்கு மத்ஹபிலும் இரண்டு பேச்சில்லை.

இந்நிபந்தனைகளை இமாம்கள் தம் இஷ்டத்துக்குச் சேர்த்ததாக எவரும் எண்ண வேண்டாம். ஸூரத்துல் மாயிதாவின் 90, 91 ஆம் வசனங்களில் மதுவையும் சூதையும் தடுக்கும் அல்லாஹ், தடுத்ததன் காரணத்தையும் உடனே சொல்லிவிடுகிறான். அவற்றின் வழியாக ஷைத்தான் உங்களுக்கிடையே பகைமையை மூட்டுகிறான். இறை நினைவையும் தொழுகையையும் விட்டு உங்களைத் தடுக்கிறான் என்பது அதன் கருத்து. ஒரு காரணம் பணத்தோடு சேர்ந்தது, மற்றொன்று நேரத்தோடு சேர்ந்தது. பந்தயத்தால் வருவது பகை. மயக்கத்தால் போவது வக்து. சதுரங்கத்துக்கு அளந்த கோல் இதுவே. கைப்பேசிக்கும் இதுவே போதும்.

முதலில் வக்தை எடுத்துக்கொள்வோம்.

ஷாஃபிஈ நூல்களில் அழகான ஒரு மஸ்அலா உண்டு. ஒருவர் சதுரங்கத்தில் மூழ்கித் தொழுகையை மறந்துவிட்டார், வக்து போய்விட்டது. மறதிக்குக் குற்றமில்லை என்பது பொது விதி. இவரும் மறந்தவர்தானே? ஒரு தடவை அப்படி நேர்ந்தால் மன்னிப்பு உண்டு. ஆனால் அது திரும்பத் திரும்ப நேர்ந்தால், இந்த ஆட்டம் தம்மை மறக்கடிக்கும் என்று தெரிந்துகொண்டே உட்காருகிறார் என்று பொருள். அப்போது அவர் மறந்தவராகக் கருதப்பட மாட்டார். அவருடைய சாட்சியம்கூட ஏற்கப்படாது என்றனர் ஃபுகஹாக்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இதை எழுதியவர்கள் கைப்பேசியைக் கண்டதில்லை. மனிதனைக் கண்டிருக்கிறார்கள்.

இப்போது நம் வாலிபர்கள் ஆடும் துப்பாக்கி ஆட்டங்களைப் பாருங்கள். பப்ஜி என்ற ஆட்டத்தை இந்திய அரசு 2020 செப்டம்பர் 2 ஆம் தேதி வேறு பல செயலிகளோடு சேர்த்துத் தடை செய்தது. 2021 இல் அது வேறு பெயரில், பிஜிஎம்ஐ என்று திரும்பியது. 2022 இல் மீண்டும் நீக்கப்பட்டு 2023 இல் மறுபடி வந்தது. நூறு பேர் ஒரு தீவில் இறங்கி, கடைசியாக மிஞ்சும் வரை ஒருவரையொருவர் சுடுவது ஆட்டம். ஒரு சுற்று அரைமணி நேரம் வரை போகும். நடுவில் நிறுத்தி வைக்க வழியில்லை. நாலு பேர் ஓரணியாக ஆடும்போது ஒருவன் பாதியில் எழுந்தால் மற்ற மூவரும் திட்டுவர். அவனுடைய தரவரிசைப் புள்ளிகளும் குறையும். சதுரங்கத்திலாவது எழுந்து போக இடமுண்டு. இங்கே எழுந்திருக்க முடியாதபடியே ஆட்டம் அமைக்கப்பட்டிருக்கிறது. பாங்கு கேட்ட பிறகு 'இந்தச் சுற்று முடியட்டும்' என்று சொல்லும் பையன் சோம்பேறி என்று நினைத்து ஏசுகிறோம். அவன் ஒரு கட்டுக்குள் இருக்கிறான்.

ஆகவே தந்தைமார் பாங்கு சொன்ன பிறகு கைப்பேசியைப் பிடுங்குவதால் பயன் குறைவு, சண்டைதான் மிஞ்சும். ஆட்டம் தொடங்குமுன் வக்தைப் பார்க்கப் பழக்க வேண்டும். செங்கல்பட்டிலிருந்து நீண்ட தூர பஸ் ஏறுகிறவர் வழியில் நிற்காது என்று தெரிந்து, ளுஹரை முடித்துக்கொண்டு ஏறுகிறாரல்லவா? அதுபோலத்தான். மஃரிபுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது அரைமணி நேர ஆட்டத்தைத் தொடங்குவதே தப்பு. பாங்கு கேட்டு எழாதது அதன் பின்விளைவு.

இரவு நேரம் தனியாகக் கவனிக்க வேண்டியது. இஷாவுக்கு முன் உறங்குவதையும் இஷாவுக்குப் பின் வீண் பேச்சையும் நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள் என்று புகாரியில் வந்திருப்பதை நாம் சிறு வயதிலேயே ஓதினோம். அதன் காரணம் சுபுஹு. 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களில் நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை எவரும் நுழையக்கூடாது என்று விதி செய்தது. அதே ஆண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும் அந்த விதியைச் செல்லும் என்றது. சீன அரசு 2021 இல் இன்னும் கடுமையாக, 18 வயதுக்குட்பட்டோர் வெள்ளி, சனி, ஞாயிறு இரவுகளில் 8 முதல் 9 வரை ஒரு மணி நேரம் மட்டுமே இணைய ஆட்டம் ஆடலாம் என்று கட்டுப்படுத்தியது. உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் 11 ஆவது பதிப்பில் ஆட்டத்துக்கு அடிமையாவதையும் சேர்த்து, 2022 ஜனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டத்துக்கே முதலிடம், கேடு வந்த பிறகும் விடாமை, இந்நிலை பொதுவாக ஓராண்டாவது நீடித்தல் ஆகியவை அதன் அடையாளங்கள். விடுமுறையில் நாலு நாள் ஆடிய பிள்ளையை நோயாளி என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே அந்த ஓராண்டுக் கணக்கு.

ஆட்டத்தோடு சேர்ந்த அரட்டையில் முகம் தெரியாதவரிடம் வசை பேசுவது பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. நேரில் ஹராமான பேச்சு புனைப்பெயரில் ஹலாலாகாது.

இரண்டாவது அளவுகோல் பந்தயம். இங்கேதான் நம் மக்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். நாட்டின் சட்டமும் வெகுகாலம் தடுமாறியது.

இந்திய நீதிமன்றங்கள் ஆட்டங்களைத் திறமை ஆட்டம், அதிர்ஷ்ட ஆட்டம் என இரண்டாகப் பிரித்தன. 1957 இல் உச்ச நீதிமன்றம், திறமையே பெரும்பங்கு வகிக்கும் போட்டி சூதாகாது என்றது. 1968 இல் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்றது. 1996 இல், தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கிலேயே, குதிரைப் பந்தயமும் திறமையைச் சேர்ந்தது என்று தீர்ப்பாயிற்று. லாட்டரிச் சீட்டு விற்பனையை 2003 ஜனவரியில் தமிழக அரசு ஒழித்தபோது ஏழைக் குடும்பங்கள் மூச்சு விட்டன. ஆனால் அந்த இடத்தில் சில ஆண்டுகளில் கைப்பேசி ரம்மி வந்து அமர்ந்தது. கடைக்குப் போக வேண்டாம், சீட்டு கிழிக்க வேண்டாம். படுக்கையில் கிடந்தபடியே யூபிஐ மூலம் பணம் போகும். கடன்பட்டு, நகை விற்று, கடைசியில் உயிரையே மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகள் தமிழ்நாட்டின் பல ஊர்களிலிருந்து வந்தன.

2021 இல் தமிழக அரசு கொண்டுவந்த தடையை, திறமை ஆட்டத்தையும் சேர்த்துத் தடுத்துவிட்டது என்பதற்காகச் சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் ரத்து செய்தது. பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைத்து, 2022 அக்டோபரில் புதிய மசோதாவைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2023 மார்ச்சில் மறுபடியும் நிறைவேற்றி, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. 2023 நவம்பர் 9 ஆம் தேதி உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டமாகக் கருத முடியாது என்று அவற்றை மட்டும் விடுவித்தது.

அப்போது நம் வாலிபர்கள் சிலர், "கோர்ட்டே திறமை ஆட்டம் என்று சொல்லிவிட்டதே, இனி ஹராம் ஆகுமா?" என்று வாதாடினர். இந்த வாதத்தைக் கவனமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். திறமை, அதிர்ஷ்டம் என்ற பிரிவினை ஃபுகஹாக்களுக்கும் தெரியும். கணக்கையும் சிந்தனையையும் சார்ந்த ஆட்டம் வேறு, உருட்டி விழுவதைச் சார்ந்த ஆட்டம் வேறு என்று ஷாஃபிஈ அறிஞர்கள் தெளிவாக எழுதியுள்ளனர். சதுரங்கத்தை விட்டுவிட்டு, காயுருட்டி ஆடும் நர்து ஆட்டத்தைத் தடுத்ததற்கு அவர்கள் கண்ட காரணம் அதுதான். ஆனால் இந்தப் பிரிவினையை அவர்கள் பயன்படுத்தியது பணமில்லாத ஆட்டத்துக்கு. பணம் வைத்துவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. இருவரும் பணம் வைத்து, ஒருவர் இழக்க மற்றவர் அள்ளுவதற்குக் கிமார் என்று பெயர். அது சீட்டானாலும் சதுரங்கமானாலும் கிமார்தான். திறமைசாலி ஜெயிப்பதால் தோற்றவனுடைய பணம் ஹலாலாகாது. திறமைசாலியிடம் கத்துக்குட்டி சிக்கிக்கொள்வது, யோசித்துப் பார்த்தால், இன்னும் பெரிய அநியாயம்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றி, அம்மாதம் 22 இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற இணைய விளையாட்டுச் சட்டத்தைப் படித்தபோது நாம் வியந்தோம். திறமையோ, அதிர்ஷ்டமோ, இரண்டும் கலந்ததோ, பணம் கட்டி, பணம் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்போடு ஆடுவது தடுக்கப்பட்ட பண ஆட்டம் என்று அதில் வரையறுத்திருக்கிறார்கள். நடத்துவோருக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுகிறவனுக்குத் தண்டனையில்லை, அவன் பாதிக்கப்பட்டவன் என்ற முறையில். பெரிய கம்பெனிகள் பல சில நாட்களிலேயே பண ஆட்டங்களை நிறுத்திவிட்டன. வழக்குகளும் உச்ச நீதிமன்றம் சென்றன. 1957 இல் தொடங்கிய பயணம் 68 ஆண்டுகள் கழித்து, ஃபுகஹாக்கள் நின்றிருந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

பணயத்துக்கு மார்க்கத்தில் விலக்கே இல்லையா? உண்டு. ஒட்டகம், குதிரை, அம்பு ஆகிய மூன்றில் மட்டும் பரிசுப்பொருள் வைக்கலாம் என்று ஹதீஸில் வந்துள்ளது. அதுவும் போருக்கான பயிற்சி என்பதால். அவற்றிலும் பரிசு ஆட்சியாளரிடமிருந்தோ, வெளியாரிடமிருந்தோ, போட்டியாளரில் ஒருவரிடமிருந்து மட்டுமோ வந்தால் தடையில்லை. இருவரும் வைத்து ஒருவர் எடுப்பதானால் கூடாது. பணயம் வைக்காத மூன்றாமவர் ஒருவரைச் சேர்த்தால் கூடும் என்று பல இமாம்கள் வழி கூறினர். இந்த ஹதீஸைக் காட்டி ரேஸ் மைதானத்துக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். குதிரை ஏறி ஓட்டுகிறவனுக்குச் சொன்னதை, படிக்கட்டில் உட்கார்ந்து சீட்டு வாங்குகிறவன் தனக்கு எடுத்துக்கொள்ள முடியாது. மாமல்லபுரத்தில் வெண்கலம் வென்ற இந்திய அணிகள் இரண்டுக்கும் தமிழக அரசு அணிக்கு ஒரு கோடியாக அளித்தது பணயமன்று. அவர்கள் எவரும் எதையும் வைத்து இழக்கவில்லை.

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும். கோவளம் முதல் கல்பாக்கம் வரை கடற்கரை ஊர்களிலும், செங்கல்பட்டைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் டென்னிஸ் பந்து கிரிக்கெட் போட்டிகள் நடக்கின்றன. அணிக்கு இவ்வளவு என்று நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். முதல் பரிசு இத்தனை ஆயிரம் என்று நோட்டீஸ் போடுகிறார்கள். கட்டணம் மைதானத்துக்கும் பந்துக்கும் சாப்பாட்டுக்கும் போய், பரிசை ஊர்ப் பெரியவர் ஒருவர் தம் கையிலிருந்து கொடுத்தால் அதில் தவறில்லை. அணிகள் கட்டிய பணத்தையே திரட்டி வென்றவருக்குக் கொடுத்தால், அது திறந்த வெளியில் ஆடும் ரம்மிதான். கைப்பேசி ஆட்டத்தைப் பழிக்கும் பெரியவர்கள் இந்தப் போட்டிகளுக்குத் தலைமை தாங்கப் போகிறார்கள். போகுமுன் பரிசுப் பணம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன?

பணப் பந்தயமே இல்லாத ஆட்டங்களிலும் ஒரு வலை இருக்கிறது. ஆட்டத்துக்குள் பெட்டி ஒன்று விற்பார்கள். உள்ளே என்ன இருக்கும் என்று வாங்குமுன் தெரியாது. அரிய சட்டை இருக்கலாம், நல்ல துப்பாக்கி இருக்கலாம். பெரும்பாலும் ஒன்றுக்கும் உதவாததே இருக்கும். இது வேண்டாமென்று இன்னொரு பெட்டி, அதன்பின் இன்னொன்று. பெல்ஜியம் நாட்டு அதிகாரிகள் 2018 இல் சில ஆட்டங்களின் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்றே முடிவு செய்தனர். நமக்கு அந்த முடிவு புதிதன்று. ஜாஹிலிய்யா காலத்தில் கல்லெறி வியாபாரம் என்று ஒன்று இருந்தது. துணிகளைப் பரப்பி வைத்து, வாங்குகிறவன் காசைக் கொடுத்துவிட்டுக் கல்லை எறிவான். எந்தத் துணியில் கல் விழுகிறதோ அது அவனுக்கு. நபி (ஸல்) அவர்கள் இவ்வியாபாரத்தைத் தடுத்தார்கள் என்று முஸ்லிம் கிரந்தத்தில் காணலாம். அன்று கல்லெறிந்தவன் கையில் கந்தலாயினும் ஒரு துணி வந்தது. இன்றைய பிள்ளை கையில் வருவது ஒரு படம். ஆட்டக் கம்பெனி கடையை மூடினால் படமும் போயிற்று. விலையும் பொருளும் தெரிந்து, ஆட்டத்துக்குள் ஒரு சட்டையை நேராக வாங்குவது இந்த வகையில் சேராது. அது வீண்செலவா என்பது வேறு விசாரணை.

கடைசியாக, நடைமுறையில் வரும் இரண்டு மஸ்அலாக்கள்.

இப்படி ஆடி ஜெயித்த பணம் கையில் இருக்கிறது, தவ்பாவும் செய்தாயிற்று, அதை என்ன செய்வது? இழந்தவர் இன்னார் என்று தெரிந்தால் அவரிடமே திருப்ப வேண்டும். இணைய ஆட்டத்தில் அது பெரும்பாலும் முடியாது. ஆகவே நன்மையை நாடாமல், பொறுப்பை இறக்கி வைக்கும் நிய்யத்தில் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். ஹஜ்ஜுக்கு ஒதுக்கவோ ஜகாத்தில் கழிக்கவோ கூடாது. இழந்த பணத்தை மீட்பதற்காக ஒரே ஒரு தடவை ஆடலாமா என்று கேட்பவர்களுக்கு, கூடாது என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. கடன் தொல்லை இருந்தால் அதை வீட்டாரிடமோ ஜமாஅத்தாரிடமோ வெளிப்படையாகச் சொல்லட்டும். ஜமாஅத்தும் அப்படி வருகிறவரை மிம்பரில் ஏறித் தூற்றாமல், கடன்பட்டோருக்கும் ஜகாத்தில் பங்கு உண்டென்பதை நினைவில் வைத்து, தவ்பா செய்தவரென்றால் கைகொடுக்கட்டும்.

மற்றொன்று: பருவமடையாத பிள்ளை தகப்பனார் கைப்பேசியில் அவருக்குத் தெரியாமல் ஆட்டப் பொருள் வாங்கிவிட்டது. ஷாஃபிஈ மத்ஹபில் சிறுவனின் வியாபாரம் செல்லாது. ஹனஃபி மத்ஹபில் விவரமறிந்த சிறுவனின் வியாபாரம் வலீயின் அனுமதியைப் பொறுத்து நிற்கும். அவர் மறுத்தால் செல்லாது. இரண்டிலும் தகப்பனார் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கேட்பது கஞ்சத்தனமும் ஆகாது. கூகுள் பிளேயில் வாங்கியதானால் 48 மணி நேரத்துக்குள் அவர்களிடமே முறையிட வழி வைத்திருக்கிறார்கள். அது கடந்துவிட்டால் ஆட்டத்தை நடத்தும் கம்பெனியிடம் எழுத வேண்டியிருக்கும். பணம் திரும்ப வந்தால், பிள்ளை வாங்கிய பொருளும் அவன் கணக்கிலிருந்து நீங்கிவிடும். அதை அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்வது நல்லது.